தாத்தாவின் தாளோடு போன ஃபோல்டர்

இல்லை, பாஸ்வேர்டை யாரும் திருடவில்லை. நானேதான் திறந்துவிட்டேன்.

மாமா மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே கேரளாவில் இருந்ததற்கு வில்லேஜ் ஆபீஸில் ஆதாரம் கேட்கிறார்கள். தாத்தாவின் எஸ்டேட் வேலைச்சீட்டை ஸ்கேன் செய்து கிளவுடில் வைத்திருப்பது நான்தான். நேற்று மாமாவுக்கு லிங்க் அனுப்பினேன்.

இன்று காலை, மூணாறு போகும் ஜீப்பில் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாத்தா பேப்பர் கெடச்சுச்சு தாயி. எல்லாத்துக்கும் ஆகும்லன்னு நம்ம குடும்ப குரூப்புலயும் லிங்கப் போட்டுட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுல ஏதோ வக்கீல் பேப்பரும் கெடக்கே. ஒங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. அது என் விவாகரத்து மனு. ஒரு தாளை மட்டும் பகிர்வதாக நினைத்து முழு ஃபோல்டரையும் பகிர்ந்திருக்கிறேன். லிங்க் கையில் உள்ள யாரும் பார்க்கலாம்.

அனுமதியை நீக்கப் போனால் சிக்னல் இல்லை. மூன்று வளைவுகள் தாண்டி சிக்னல் வந்த பிறகுதான் நீக்க முடிந்தது. அடுத்த நிமிடம் குரூப்பில் சித்தியின் குரல் பதிவு வந்தது: "ஏட்டி, பாதி படிக்கையில யாரு பூட்டுனது?"

கோபம்கூட வரவில்லை. களைப்புதான். முன்பின் தெரியாதவர்களுக்குப் பயந்து ஓடிபி வரை எல்லாப் பூட்டும் போட்டிருந்தேன். சொந்தக்காரர்களுக்கு எந்த செட்டிங்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். குரூப்பில் இல்லை. ஜீப்பை விட்டு இறங்கியதும், சித்தி சொல்வதற்கு முன்னால், அம்மாவை அழைத்து நானே சொன்னேன்.