கோடு அழிந்த வெள்ளிக்கிழமை

என் அக்கா பேராச்சி அச்சன்புதூர் வயல்களில் களையெடுக்கப் போகிறவள். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவள் இல்லை. அத்தான் சுடலைமுத்து ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். தன் கை பட்டால் எந்த வலியும் ஓடிவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

அக்காவுக்குப் புற்றுநோய். கர்ப்பப்பையில் இல்லை, அதற்குக் கீழே, பிறப்புறுப்புப் பாதையில். அபூர்வமாகத்தான் வரும் என்றார் டாக்டரம்மா. அபூர்வமானது எதுவும் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, வந்தது இது. திருநெல்வேலியில் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இடுப்பில் மையால் கோடு போட்டு, "இது அழியக்கூடாது, எண்ணெய் படக்கூடாது. நடுவுல நிறுத்தாம முடிச்சா குணமாயிரும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

போகப்போகத் தொடையிடுக்கு வெந்து கறுத்துவிட்டது. பாவாடை பட்டாலே அக்கா துடிப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போன நேரம், அத்தானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எல்லாம் உடம்புச் சூடு என்று நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து, பயத்தமாவு போட்டுக் குளிப்பாட்டியும் விட்டார். நான் திரும்பி வந்தபோது கோடும் இல்லை, தோலும் இல்லை.

"உமக்கு மூளை இருக்கா அத்தான்? அருவிக்கு வாரவன் முதுகுன்னு நெனச்சீரா?"

"சூடு எறங்கட்டுமேன்னுதான்..." என்றார்.

டாக்டரம்மா பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "புண்ணு ஆறுற வரைக்கும் கரண்டு வைக்க முடியாது. கட்டி அதுவரைக்கும் காத்திருக்குமா? யாரு இப்படித் தேய்ச்சது?"

அத்தான் வாயெடுக்கும் முன் அக்கா, "நாந்தான்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது?

புண் லேசில் ஆறவில்லை. ஆறியபின் எடுத்த ஸ்கேனில் கட்டி பெருத்திருந்தது. மறுபடி கரண்டு வைக்கிறார்கள். ஆனால் டாக்டரம்மா இப்போது குணமாகும் என்று சொல்வதில்லை, வலி குறையும் என்கிறார். அது எனக்கும் புரிந்தது, அத்தானுக்கும் புரிந்தது.

சாரல் ஆரம்பித்துவிட்டது. அத்தான் ஐந்தருவிக்குப் போகிறார், அவர் கைக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அந்தக் கையைத் தேய்க்கிறார்.

நேற்று அக்காவுக்குக் கால் வீங்கி ஒரே வலி. "கொஞ்சம் புடிச்சு விடுங்களேன்" என்று அவரிடம் கேட்டாள். அவர் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, நீ புடிச்சு விடு" என்றார் என்னிடம்.

பிடித்துவிட்டேன்.

"உன் கை வேண்டாம்டி" என்றாள் அக்கா, அவரையே பார்த்துக்கொண்டு.