ஆயிரம் ரொட்டி

சூளகிரியில் பாஷைக்குப் பஞ்சமில்லை. திம்மராயன் வீட்டில் தெலுங்கு பேசுவார், கடைத்தெருவில் தமிழ், ஓசூர் கம்பெனியில் பாதிப் பேரோடு கன்னடம், வடக்கிலிருந்து வந்த பையன்களோடு தனக்கே புரியாத ஒரு இந்தி. இதெல்லாம் போதாதென்று நாற்பது வயதுக்கு மேல் பழைய எகிப்து எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"அது எந்தப் பக்கம் பேசறாங்க? மாலூர்ப் பக்கமா?" என்று கம்பெனி பஸ்ஸில் ஹரீஷ்குமார் கேட்டான்.

"இப்ப யாரும் பேசறதில்ல. பேசினவங்க எல்லாம் செத்தாச்சு."

"அப்புறம் யார்கிட்டண்ணா பேசப்போறே?"

நியாயமான கேள்விதான்.

கியர் சக்கரத்தின் பல்லை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்கி வைப்பது அவர் வேலை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ போனில் மம்மி வீடியோ காட்டினார்கள். எல்லாரும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். சவப்பெட்டி மேல் இருந்த பறவையும் பாம்பும் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று இவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு இலக்கணப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஆன்லைனில் நடத்தும் வகுப்பில் ஒரு மூலையில் மூஞ்சியைக் காட்டிக்கொண்டு உட்காருவார். சில வருஷத்தில் கல்லறைக் கல் ஒன்றைத் தந்தால் தட்டுத் தடுமாறிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். கம்பெனியில் ஆளாளுக்குத் தன் பெயரை எகிப்து எழுத்தில் எழுதி வாங்கி பைக்கில் ஒட்டிக்கொண்டார்கள். ஹரீஷ்குமாருக்குச் சிங்கம் வேண்டும் என்று ஆசை. அவன் பெயரில் இருக்கும் ‘ம’வுக்கு ஆந்தைதான் எழுத்து. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எழுதிக் கேட்காத ஒரே ஆள் அவர் மனைவி முனிலட்சுமி. ரோஜாப் பண்ணையில் பூ வெட்டிவிட்டு வந்து அவள் களி கிண்டும்போது இவர் பின்னால் நின்று அன்றைய பாடத்தை ஒப்பிப்பார். அவள் திரும்பக்கூட மாட்டாள். "செத்தவங்க சங்கதி இருக்கட்டும், தட்டை எடுத்துக்கினு வாங்க" என்பாள். போன வருஷம் தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. திம்மராயனுக்கு வீட்டுக்குள் நுழையவே பிடிக்காமல் போயிற்று. அழுதார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விடவில்லை. விட்டால் அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதல் வருஷத் திதி வந்தது. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்கா தொடாது. சாமல்பட்டியிலிருந்து முதல் நாளே வந்துவிட்ட அக்கா பூவம்மாள் முறத்தோடு உட்கார்ந்து கேட்டாள்.

"முனிக்கு என்னா புடிக்கும், சொல்லுடா."

திம்மராயன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கோழிக் குழம்பு?"

"அது எனக்குப் புடிக்கும்கா."

"கொள்ளு ரசம்?"

"அது எனக்குப் புடிக்கும், அத்தை" என்றாள் மகள் அனிதா. "நாங்க சாப்பிட்டு மிஞ்சறதத்தான் அம்மா சாப்பிடும். எது மிஞ்சும்னு தெரியும். எது புடிக்கும்னு தெரியலையே."

நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி எகிப்தில் செத்துப்போன தானியக் கிடங்கு அதிகாரிக்கு என்ன படைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திம்மராயன் சொல்வார். ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம், மாடு ஆயிரம், வாத்து ஆயிரம், துணி ஆயிரம். அந்த ஆள் யாரோ எவரோ. இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவளுக்கு என்ன என்றால் கையை விரிக்கிறார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

பண்ணை வேன் பெண்களை இறக்கிவிடுவது பஸ் நிறுத்தத்தில், லால் பாஷாவின் பேக்கரி வாசலில். திம்மராயன் அங்கே போய் நின்றார்.

"பாய், எங்க வீட்ல இங்க ஏதாச்சும் வாங்கிச் சாப்பிடுமா?"

"அக்காவா? சம்பள நாள்ல தில்பசந்த் ஒரு துண்டு, ஒரு டீ" என்றார் லால் பாஷா. உள்ளே தேங்காய்ப் பூவும் செர்ரியும் வைத்த அந்த வட்ட ரொட்டி, கூறு போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. "நின்னுக்கினே தின்னுட்டு ஓடுவாங்க. உக்காருங்கக்கான்னா, வேலை கெடக்குதும்பாங்க."

"வேற ஏதாச்சும் சொல்லுமா?"

"ஒரு தடவை டீயில விரலைத் தொட்டு இந்த மேசை மேல அரை வட்டம் போட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு படிக்கிற பாஷையில ரொட்டின்னா இதுதாம்பா, உன் போர்டுல போட்டுக்கோன்னாங்க. ஒரே சிரிப்பு."

அரை வட்டம் சரிதான். ரொட்டிக்கு அதுதான் எழுத்து. ஒரே ஒரு தடவை, அவள் களி கிண்டிக்கொண்டிருந்தபோது, முதுகைப் பார்த்துச் சொன்னது. அவள் காதில் விழவே இல்லை என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை துண்டுண்ணா?"

"முழுசா ஒண்ணு குடுங்க" என்றார் திம்மராயன்.

மறுநாள் படையலில் களிக்கும் கோழிக் குழம்புக்கும் நடுவில் தில்பசந்த் இருந்தது. "பேக்கரிச் சாமானை எவனாச்சும் படைப்பானா?" என்று பூவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கற்பூரம் ஏற்றியதும் திம்மராயன் கையைக் கூப்பி, யாருக்கும் புரியாத பாஷையில் சத்தமாகச் சொன்னார். கல்லறைக் கல்லில் வரும் அந்தப் படையல் வாசகத்தின் கடைசியில் செத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். முனிலட்சுமி என்றார். அந்த இடம் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

"என்னப்பா சொன்னே?" என்று அனிதா கேட்டாள்.

"ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம்னு…"

"பீரா? அவ தொட்டதே இல்லியேடா!" என்றாள் பூவம்மாள்.

"ரொட்டி ஒண்ணுதானேப்பா இருக்குது?"

"ஆயிரம்னு வாயால சொன்னாப் போதுமாம். மூச்சுதான் செலவு, வேற ஒண்ணும் இல்லன்னு அந்தக் கல்லுலயே எழுதி வச்சிருக்கான்."

"அம்மா இருக்கும்போதே ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்" என்றாள் அனிதா.

மாடியில் வைத்ததைக் காக்கா தொட்டது. வந்தவர்களுக்கு இலை போட்டதும், தன்னை உட்காரச் சொன்ன அக்காவை உட்கார வைத்துவிட்டுத் திம்மராயனே பரிமாறினார். எல்லாரும் எழுந்து கை கழுவிய பிறகு கடைசியாக உட்கார்ந்தார். அடிப்பாத்திரத்தில் கொஞ்சம் களியும் ரசமும் இருந்தது. தில்பசந்த் மிஞ்சவில்லை.