பொட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

போன வாரம் ஆயுத பூஜை அன்று எங்கள் ஒத்தக்கடை வீட்டில் ஒரு கிளட்ச் பிளேட்டுக்குப் பொட்டு வைத்தோம். சிரிக்காதீர்கள்... விஷயம் சீரியஸ்!

மாமனார் விட்டுப்போன அந்தக் காலத்து கார். கிளட்ச் தேய்ந்துபோய் பல வருஷமாக நகரவில்லை. என் மனைவி செல்வி, அதை ஓட்டியே தீருவேன் என்கிறாள். அவள் அண்ணனோ, "ஆயுத பூஜைக்கு ஓடலைன்னா மறுநாளே பழைய இரும்புக்குப் போட்ருவேன்" என்று கெடு வைத்துவிட்டார். சமயநல்லூரிலிருந்து லாரிக்கும் சொல்லியாச்சு.

காலையில் பூஜை. புது பிளேட்டின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. நெற்றி மாதிரி இருக்கிறதே என்று செல்வி அதில்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்புறம் காருக்கு அடியில் படுத்து அவளே மாட்டினாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான்.

மத்தியானம் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் உறுமியது. கிளட்சை மிதித்து கியர் போட்டால்... கறகற! விழவே இல்லை.

"மாப்ள, வாங்க... தள்ளியாச்சும் பழத்த நசுக்கிருவோம். சகுனத்துக்கு" என்றார் மச்சான்.

"தள்ளி நசுக்குறதுக்கு கிளட்ச் எதுக்குண்ணே?" என்றாள் செல்வி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மறுபடி காருக்கு அடியில் போய்விட்டாள்.

கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே பொட்டு, இன்ஜினைப் பார்த்தபடி ஜம்மென்று இருந்தது. அங்கேதான் கோளாறு! புடைத்த பக்கம் பின்னால், கியர்பாக்ஸைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் திருப்பினால் இன்ஜின் சக்கரத்தில் இடித்துக்கொண்டு நிற்கும். கிளட்சை மிதித்தாலும் பிளேட் விலகாது. ஆனால் பொட்டு வைத்த முகத்தைப் பின்பக்கம் திருப்பி வைக்க யாருக்கு மனசு வரும்?

"அட, இம்புட்டுதானா!" என்று திருப்பி மாட்டினாள். முதுகு வலிக்கிறது என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். கிளட்சை மிதித்தாள். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

மச்சான் மட்டும் ஜன்னல் பக்கம் குனிந்து, "ஏத்தா, பொட்டு பின்னாலயா பாக்குது?" என்று இழுத்தார்.

"அது எங்கிட்டு வேணா பாக்கட்டும்ணே. வண்டி முன்னால போகப்போகுது... தள்ளி நில்லுங்க!"