மேஜர் மதிவாணன் செத்த வாரம்

பட்டாபிராமில் காலை ஏழு பத்து வண்டி ஏறுகிறவர்களுக்கு டில்லிபாபுவைத் தெரியும். மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம், மடியில் சாப்பாட்டுப் பை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷமாக லேத் ஓட்டுகிறார். பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை அவர் வேலை கதை சொல்வது. ஒரே கதைதான். பள்ளிக்கூட வயதில் வாரப் பத்திரிகையில் படித்த 'ஏழாவது சாவி'. அதில் வரும் மேஜர் மதிவாணனை வைத்துத்தான் அவர் பிழைப்பே ஓடியது. பெண் பார்க்கப் போனபோது கால் நடுங்கியதும், சூப்பர்வைசர் கத்தியதும், பல் பிடுங்கியதும் எல்லாம் மேஜரை நினைத்துக் கடந்தவைதான். கோட்டைக் கிணற்றில் முதலை வாயிலிருந்தே மீண்டவர் மேஜர். இந்த சூப்பர்வைசர் எம்மாத்திரம்?

கூடப் பயணம் செய்யும் வேம்புலிக்கும் அந்த முதலை உதவியிருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து நைட் ஷிப்டு போட்டார்கள். டில்லிபாபு அவரை உட்காரவைத்து, முதலைக் கட்டத்தை இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். வேம்புலி நேராக மேனேஜர் அறைக்குள் போய்ப் பேசிப் பகல் ஷிப்டு வாங்கிவந்தார். அன்றிலிருந்து டில்லிபாபு சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

இந்த நிலையில்தான் வரதன் வந்து சேர்ந்தான். புதிதாக அதே வண்டியில் வருகிற இளவட்டம். கதையைக் கேட்டுவிட்டு, பூந்தமல்லியில் தன் மாமனார் இந்தத் தொடரை வாராவாரம் கிழித்து பைண்ட் பண்ணி வைத்திருக்கிறார், கொண்டுவந்து வண்டியிலேயே படித்துக் காட்டுகிறேன் என்றான். டில்லிபாபுவுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. முதலில் தனக்குத்தான் வேண்டும் என்று சனிக்கிழமையே வாங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை இட்லியை முடித்துவிட்டு உட்கார்ந்தார். பத்தரை மணிக்கு ஒன்பதாவது வாரம். மேஜர் கிணற்றில் விழுகிறார், முதலை வாயைத் திறக்கிறது, தொடரும். பக்கத்தைப் புரட்டினார். பத்தாவது வாரம், முதல் வரியிலேயே முதலை மேஜரைத் தின்றுவிட்டது. இரண்டாவது வரியில் அவருடைய தொப்பி மட்டும் மிதந்தது.

நம்பாமல் முன்னும் பின்னும் தேடினார். அதற்கப்புறம் நூற்று நாற்பது வாரத்துக்கும் கதையில் வருவது தங்கராசு என்கிற நில அளவையாளர். மீசை கிடையாது. சங்கிலி வைத்து நிலம் அளக்கிறார். இருமுகிறார்.

அப்போதுதான் டில்லிபாபுவுக்கு, சின்ன வயதில் அந்தப் பத்திரிகையைப் படித்த பால்ராஜ் சலூன் ஞாபகம் வந்தது. அப்பாவுக்குச் சம்பளம் வந்த முதல் ஞாயிறு மட்டும் முடிவெட்ட அனுப்புவார்கள். முடி வெட்டாதவன் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பது பால்ராஜ் சட்டம். ஆக, மூன்று வருஷம் ஓடிய தொடரில் அவர் படித்தது மாதத்துக்கு ஒரு வாரம். மற்றதையெல்லாம், அடுத்த முடி வளரும்வரை, அவரே யோசித்து நிரப்பிக்கொண்டார். முதலைக் கட்டத்துக்கு அடுத்த மாதம், கதையில் மீசையில்லாத ஒருவர் ரயிலில் போவதைப் படித்து, மேஜரின் மீசையை முதலை கவ்விக்கொண்டது, அவர் மீசையை அறுத்துவிட்டுத் தப்பிவந்தார் என்று முடிவு கட்டியிருந்தார். எது அச்சில் வந்தது, எது தன் மண்டையில் வந்தது என்பது நாளடைவில் மறந்தே போயிற்று.

மனைவி சாமுண்டீஸ்வரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் போய்விட்டது என்று கேட்டாள்.

"மேஜரு பூட்டாரு."

"எந்த மேஜரு? மிலிட்டிரி சைடிங் ஸ்டேசனாண்ட கீறாரே, அவுரா? எப்போ?"

"தொண்ணூறுலயே."

"அதுக்கு இப்ப இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? போயி கறி வாங்கியா."

கறிக்கடை வரிசையில் நின்றபோதும் அவருக்கு அதே யோசனைதான். புத்தகம் மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லலாம். மே மாதம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

வரதன் நல்ல குரலில் படித்தான். முதலைக் கட்டத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வேம்புலி கேட்டிருந்தார். ஆவடி தாண்டியதும் மேஜர் விழுந்தார். அண்ணனூரில் தொப்பி மிதந்தது.

வேம்புலிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"டூப்ளிகேட் புக்கு நைனா இது. உன் மாமனாரு வேற எதையோ எடுத்தாந்து ஒட்டிகீறாரு."

பக்கத்தில் இருந்தவர்களும் அதுதான் சரி என்றார்கள். மாமனாருக்குக் கண் தெரியுமா என்றுகூட ஒருவர் விசாரித்தார். வரதன் முகம் சுண்டிப்போயிற்று. டில்லிபாபு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பேர் பிழைத்துவிடும். திருமுல்லைவாயில் வரைக்கும் மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"புக்கு கரீட்டுதான்" என்றார் அப்புறம். "நான் மாசத்துக்கு ஒரு தபாதான் முடி வெட்டிப்பேன்."

இதைப் புரியவைக்க ஒரு ஸ்டேஷன் தூரம் பிடித்தது. பால்ராஜ், பெஞ்சு, சம்பள ஞாயிறு எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது வேம்புலி எழுந்து நின்றிருந்தார்.

"அப்போ மேனேஜர் ரூம்புல நான் யார நென்ச்சிகினு பேசினேன்?"

"என்னியதான் நென்ச்சிகினு பேசிகீற போல."

"உன்ன நென்ச்சிருந்தா உள்ளயே போயிருக்க மாட்டேனே." வேம்புலி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு மறுபடியும் கூப்ட்டுகீறான்யா அந்த மேனேஜரு. செத்தவன வெச்சிகினு நான் எப்டி போவேன்? அதெல்லாம் எனுக்குத் தெரியாது. பட்டரவாக்கம் வர்றதுக்குள்ள அவுர எய்ப்பி வுடு."

அம்பத்தூரில் வண்டி நின்று கிளம்பியது. இன்னும் ஒரே ஸ்டேஷன். எல்லோரும் டில்லிபாபுவின் வாயையே பார்த்தார்கள். அவர் சாப்பாட்டுப் பையை மடியில் நிமிர்த்தி வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"முதலைக்கி அன்னிக்கி வயிறு சரியில்ல" என்று ஆரம்பித்தார்.

வரதன் புத்தகத்தை மூடினான்.

"இன்னா துன்னுச்சாம்?"