சம்பந்தி கொண்டுவந்த வெள்ளைத் துணி

என் புருஷன் வீட்டுப் பெண்களை நான் முதன்முதலில் பார்த்தது, ஊரை விட்டுப் புறப்பட்ட அதே நாளில்தான். தங்கச்சிமடத்து மாதா கோயிலில் கல்யாணம் நடந்தபோது அக்கரையான இலங்கையிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தகப்பனாரும் மட்டும் வந்திருந்தார்கள். மற்றவர்களுக்குப் பயணக் காகிதம் கிடைக்கவில்லை. கல்யாணம் முடிந்து அவர் திரும்பிப் போனார்; எனக்குக் காகிதம் வர ஏழு மாதம் ஆயிற்று. வந்த பிறகு மாமியாரும் என் நாத்தனார்கள் இரண்டு பேரும் என்னை அழைத்துப்போக என் புருஷனோடு நேரிலேயே வந்தார்கள்.

அவர்கள் நீர்கொழும்புக்காரர்கள். எங்களைப் போலவே கடல் பிழைப்பு, எங்களைப் போலவே வேதக்காரர்கள். ஆனால் வீட்டில் பேசுவது சிங்களம். என் அய்யா கருவாட்டு வியாபாரத்துக்குத் தலைமன்னார் போய்வந்த காலத்தில் என் புருஷனோடு பழக்கம். இவருக்குத் தமிழ் வரும், தட்டுத்தடுமாறி. மாப்பிள்ளையை எங்கே பிடித்தாய் என்று யாராவது கேட்டால் அய்யா, "வலையில பட்டுச்சு" என்பார்.

அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனசே இல்லை. பாஷை தெரியாத இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று ஏழு மாதமும் புலம்பினாள். கடைசி வாரத்தில் புலம்பல் மிரட்டலாக மாறியது. "வாரவுக நம்மள மதிக்கலைன்னு தெரிஞ்சா, புள்ளைய அனுப்ப மாட்டேன்." சொன்னதைச் செய்கிறவள் அவள். புருஷன் கூப்பிட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்டுக் கேட்டே ஊர் என்னைப் பாதியாக்கியிருந்தது. அவர்கள் வரும் நாளின் கப்பலை விட்டால் காகிதத்தின் கெடுவும் முடிந்துவிடும்.

பாம்பன் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றி, கழுத்தில் லேஸ் வைத்த ரவிக்கை போட்டிருந்தார் மாமியார். முந்தானை கிடையாது. வேடிக்கை பார்க்க வந்த தெருப் பெண்களுக்கு அதுவே ஒரு வாரப் பேச்சுக்குப் போதுமானது. அவர் யாரையும் கவனிக்காமல் நேரே என்னிடம் வந்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கன்னத்தையும் மூச்சை இழுத்து மோந்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது.

அன்றைய சமையல் பெரியம்மாவுடையது. அம்மாவின் அக்காள் அவள், எங்களோடேயே இருந்தாள். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அதே சமயத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா ஜன்னி கண்டு கிடந்தாள். ஒன்றரை வருஷம் எனக்குப் பால் கொடுத்தவள் பெரியம்மா. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் இது எனக்கே தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் அம்மாவின் முகம் செத்துப்போகும். விசேஷ நாட்களில் பெரியம்மா அடுப்படியை விட்டு வரமாட்டாள். அன்றும் வரவில்லை.

சாப்பாடு முடிந்தது. என் புருஷன் வெளியே என் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாமியார் பையைத் திறந்து, மடித்த முழு வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்து, அம்மா முன்னால் குனிந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கோடி என்று புது வெள்ளைத் துணி கொடுப்பது ஒரே ஒரு நாளில்தான். புருஷன் செத்த அன்று. அய்யாவோ நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தார்.

"எம் புருசன் உசுரோட இருக்கையில எனக்குக் கோடியா கொண்டாந்திருக்கீக?" அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். துணி தரையில் விழுந்தது. "பொட்டிய எறக்குங்க. எம் மக எங்கயும் வரல."

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கட்டிலிலிருந்து அய்யா, "நான் இன்னும் இங்கனதான் கெடக்கேன், கத்தாத" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான் வாசலுக்கு ஓடினேன். "ஒங்க அம்மா செஞ்ச காரியத்த வந்து பாருங்க" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இரண்டு வீட்டின்மேலும் ஆத்திரம். உள்ளே வந்தவர் தரையில் கிடந்த துணியைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"மாமி, இது செத்த வீட்டுத் துணி இல்ல. எங்க ஊர்ல பொண்ணோட அம்மாவுக்கு மாப்பிள்ள வீட்டால குடுக்கிறது. பால் குடுத்து வளத்ததுக்கு. கல்யாண நாளண்டைக்குக் குடுக்கணும். அம்மாவால வர முடியல்ல. ஏழு மாசம் பெட்டியில வச்சிருந்து கொண்டு வந்தது."

"பாலுக்கா?" என்றாள் அம்மா.

"பாலுக்குத்தான், மாமி."

அம்மா உட்கார்ந்து துணியை எடுத்தாள், மண்ணைத் தட்டினாள், பழைய மடிப்பிலேயே மடித்தாள். அப்பாடா என்று நினைத்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா, வெளிய வா."

"நல்ல காரியத்துல நான் எதுக்குடி?"

"வான்னா வா."

கையைப் பிடித்து இழுத்துவந்து சம்பந்தி முன்னால் நிறுத்தினாள். "இது எனக்குச் சேராது. எம் மக குடிச்சது இவ பால. இவ கையில குடுங்க." அதை அம்மா தன் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவர் தாயிடம் சிங்களத்தில் சொன்னார். மாமியார் துணியை வாங்கி மறுபடி தட்டில் வைத்து, முன்பு எவ்வளவு குனிந்தாரோ அவ்வளவே குனிந்து நீட்டினார். பெரியம்மா ஈரக் கையைத் தன் பழைய வெள்ளைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாதான், "வாங்குக்கா" என்றாள்.

"கப்பல் நிக்காது, கெளம்புங்க" என்று அய்யா குரல் கொடுத்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். வழக்கம்போல பெரியம்மா அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். புறப்படுகிறவர்களுக்கு எதிரே தாலியறுத்தவள் வரக்கூடாது. இருபது வருஷமாக அவள் அதைத் தவறியதில்லை. நான் வண்டியில் ஏறி முன்னால் பார்த்தபோது, மாட்டுக்கு நேர் எதிரே, நடுத்தெருவில், அந்தத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு பெரியம்மா நின்றிருந்தாள். விலகிவிடாதபடி அம்மா அவள் தோளைப் பிடித்திருந்தாள்.