யாரும் சந்தேகப்படாத ஆள்

சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி வேனில் ஏஞ்சலினுக்கு ஜன்னலோர சீட்டை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கதை சொல்லியே பிடித்தாள். புருஷன் ஸ்டீபன் விசிடி கடையில் வேலை பார்த்தான். யாரும் வாடகைக்கு எடுக்காத எண்பதுகளின் இங்கிலீஷ் கொலைப் படங்கள், தமிழில் டப்பிங் செய்தவை, எல்லாம் கடைசியில் அவள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். படத்துக்கு இரண்டு டிஸ்க். காலையில் போகும்போது முதல் டிஸ்க் கதை, சாயங்காலம் திரும்பும்போது இரண்டாவது. இது அந்த வேனில் சட்டமாகவே ஆகிவிட்டது. கொலைகாரன் யார் என்று தெரியாமலேயே அத்தனை பெண்களும் பகல் முழுக்கப் பாட்டில் மூடிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சும்மா கதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை அவள், படத்தைப் பிடித்து வைத்துத் திட்டவும் திட்டுவாள்.

"முகமூடிய கழட்டினதும் தூக்கி வாரிப் போடுதுல்ல, அது நல்லாதான் இருக்கு. மொதல்லேர்ந்து எல்லாத்தையும் திரும்ப நெனச்சிப் பாக்கத் தோணுது. ஆனா பாதிப் படத்துல காதுல பூ சுத்துறானுங்க. யாரும் சந்தேகப்படாத ஆளு யாருன்னு பாத்து அவன் தலையில கட்டிடறான். அவன் இன்னாத்துக்குக் கொன்னான்னு கடைசில ரெண்டே வார்த்தை. அப்புறம் செத்தவன் மறுபடி எழுந்து வரான். கேட்டா அடுத்த பார்ட்டாம்!"

செத்தவன் எழுந்து வருவது அந்தப் பெண்களுக்கும் புதிதில்லை. வருஷா வருஷம் கம்பெனி அவர்களைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கும். அதற்குப் பெயர் பிரேக். பிறகு வேறொரு கான்ட்ராக்டரின் ஆளாக மறுபடி எடுக்கும். அதே மிஷின், அதே வேலை, டோக்கன் நம்பர் மட்டும் புதுசு. எத்தனை வருஷம் உழைத்தாலும் கணக்குக்கு நேற்று வந்தவர்கள்தான். பர்மனென்ட் என்ற சொல்லை ஏஞ்சலின் சாமி பெயரைப் போல உச்சரிப்பாள். விசிடி கடையை மூடப்போகிறார்கள் என்று ஸ்டீபன் சொன்னதிலிருந்து அவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

இதற்கொரு வழி பார்க்கலாம் என்று கிளம்பியவள் ஜானகியம்மாள். காரனோடையில் ஏறுகிறவள், யாராவது சாப்பாடு கொண்டுவராவிட்டால் தன் டப்பாவைத் திறந்து நீட்டுகிறவள். எல்லோரும் ஒன்றாகத் திருவள்ளூர் போய் லேபர் ஆபீசரைப் பார்ப்பது என்று அவள் ஏற்பாடு செய்தாள். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று பேச்சு. அந்த வாரமே அவர்களில் ஒருத்தியான ஃபிர்தௌசை கேட்டில் நிறுத்தி, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேனில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யார்?

"நீதான் மொத டிஸ்க்லயே கொலைகாரன கண்டுபிடிச்சிடுவியே, சொல்லேன்" என்றாள் பின்சீட்டுக்காரி.

ஏஞ்சலின் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் தன் வாயையே பார்க்கும்போது சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. யாரும் சந்தேகப்படாத ஆள் யார் என்று யோசித்தாள். திட்டம் போட்டது யார்? சூப்பர்வைசர் ராஜமாணிக்கத்தோடு கேட் பக்கம் நின்று பேசியது யார்? எல்லாருக்கும் சோறு ஊட்டி மனசில் இருப்பதைப் பிடுங்கியது யார்? நிறுத்தி நிறுத்தி, சாயங்காலக் கதை போலவே சொன்னாள். பெயரைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எல்லாத் தலையும் ஜானகியம்மாள் பக்கம் திரும்பியது. அந்த நொடியில் ஏஞ்சலினுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜானகியம்மாள் சண்டை போடவில்லை. காரனோடையில் இறங்கும்போது மட்டும் நின்றாள்.

"கத நல்லா இருந்துச்சி ஏஞ்சலின். நான் இன்னாத்துக்கு அத பண்ணணும்? அத சொல்லாம வுட்டுட்டியே."

மறுநாளிலிருந்து அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நாளில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். திருவள்ளூர் பயணமும் அதோடு போயிற்று.

பிரேக் முடிந்து திரும்பிய அன்று ராஜமாணிக்கம் ஏஞ்சலினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"உன்ன பர்மனென்ட் பண்ணியாச்சிம்மா. லைன் லீடர். இனிமே உனக்கு பிரேக் கெடையாது."

சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரத்தோடேயே கேட்டாள்: "சார், அன்னிக்கி ஜானகிக்காதான உங்ககிட்ட சொன்னாங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "யாரு சொல்லணும்? நீங்க அத்தன பேரும் ஒரே நாளுக்கு லீவு கேட்டீங்க. ஃபிர்தௌசு மொதல்ல வந்து கேட்டுச்சி, பின்னாடியே வரிசையா எல்லாரும். இதுக்கு ஆளு வெச்சா கண்டுபிடிக்கணும்? அந்த ஜானகியம்மாவ எப்டி அனுப்பறதுன்னுதான் முழிச்சிக்கினு இருந்தோம். நீ ஒரே ட்ரிப்ல முடிச்சிட்ட."

ஆம், அவளும்தான் போய் லீவு கேட்டிருந்தாள். தலைவலி என்று பொய்கூடச் சொல்லவில்லை. கேட்காமல் லீவு போட்டு அவர்களில் யாருக்கும் பழக்கமே இல்லை. காட்டிக்கொடுத்தவள் என்று ஒருத்தி இருக்கவே இல்லை. அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போடாமல் எழுந்து வர அவளால் முடியவில்லை. வீட்டு வாடகையும் ஸ்டீபனின் முகமும் அவளை நாற்காலியிலேயே பிடித்து உட்காரவைத்துவிட்டன.

மறுநாள் காலை காரனோடையில் ஜானகியம்மாள் டப்பாப் பையோடு நின்றிருந்தாள், வேறு ஏதோ கம்பெனி வண்டிக்காக. டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாதண்ணே, அந்தத் துரோகிய ஏத்தாத!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

டிரைவர் ஏஞ்சலினைப் பார்த்தான். இப்போது அவள் லைன் லீடர், அவள் சொன்னால் நிற்கும். அந்த வேனில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்லிவிட்டால் துரோகி யார் என்பதும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

"போங்கண்ணே" என்றாள்.

வண்டி வேகமெடுத்தது. ரிட்டயர் ஆகும்வரை தினமும் இந்த வழியாகத்தான் போகவேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.