கிணற்று முறையும் மதினியின் மொழியும்

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனில் இருந்த பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. படித்து முடித்து போனை என்னிடம் நீட்டியவர், காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

அண்ணன் மனைவி, என் மதினி, அப்போது நாகல் நகர் வீட்டு மாடியில் புதிதாக ஒரு கணினி மொழி செய்துகொண்டிருந்தார். நானும் அதே தொழில் என்பதால் கூடவே உட்கார்ந்து தொணதொணப்பேன். கணக்குப் பாடத்துச் சார்புகளைப் போல, இதைக் கொடுத்தால் அது வரும் என்று எழுதுகிற மொழி. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. வேண்டுமானால் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம். இப்படி எத்தனையோ மொழிகள் இருக்கின்றனவே, இதில் என்ன புதுசு என்று சீண்டுவேன்.

"பழசு ஒண்ணக்கூடத் தொலைய விடமாட்டேன். அதான் புதுசு" என்பார்.

சோதித்துப் பார்க்க எங்கள் கிணற்று முறைக்கு அதில் ஒரு நிரல் எழுதி, யார் எந்த நாள் மோட்டார் போட்டார்கள் என்று பதிந்துவந்தோம். ரெட்டியார்சத்திரம் பக்கம் பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு, ஆளுக்கொரு நாள் மோட்டார் போடுகிற முறை. எங்கள் மல்லிகை வாடிய கோடையில் பெரியப்பா தன் முறையை நாலு தடவை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மொழி அதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து, பங்காளிகள் அத்தனை பேர் போனிலும் காட்டிவிட்டது. தண்ணீர் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது எங்கள் பக்கம் கொடுக்காததைவிடக் கேவலம். அவரே சொல்லிக் காட்டியது போல ஆகிப்போனது. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள், வெட்கமாக இருக்கிறது.

அன்று அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு தன் முறைக்கே வரவில்லை. அவருடைய கத்தரிச் செடிகள் தலை தொங்க ஆரம்பித்தன. மதினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கேள்வியோடு வந்தார்: கொடுத்தது கொடுத்தவர் கையில் மிச்சமே இல்லாமல் போனால், அந்த மொழி எப்படி இருக்கும்? கொடுத்தவர், கைமாறிய மதிப்பின் பெயரை மறுபடி சொன்னால் நிரல் ஓடாது என்று விதி வைத்தார். யாரும் கேட்காத பழைய பட்டியல்கள் தாமாகவே கழியும்படி செய்தார். அவர் பெருமைப்பட்ட விஷயமே அதோடு போயிற்று.

இதைப் பெரியப்பாவிடம் போய் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

"ஏத்தா, இதுக்கு ஒரு மொழி வேணுமா? வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதாதா?" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டார். "செத்த நேரம் இருங்க, மோட்டாரப் போட்டுட்டு வாரேன்."

இன்று அந்த மொழியை எங்கெங்கோ இருப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்த விதி எப்படித் தோன்றியது என்று மதினிக்கு எழுதிக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் விளக்கிப் பதில் போடுவார், தண்ணீர் கொடுத்தவர் பெயரை மட்டும் சொல்லமாட்டார். நானும் இங்கே சொல்லவில்லை.